முப்பத்தாறு விதை, எண்பத்தொரு முளை

கோத்தகிரியிலிருந்து கீழே இறங்கும் சாலையில், பஸ் ஒடித்துத் திரும்பும் மூன்றாவது வளைவுக்குப் பக்கத்தில் ஓட்டு வீடு ஒன்று இருந்தது. அங்கே செங்கமலம் அம்மாள் இருந்தார். வயது நாற்பத்தைந்து இருக்கும். காவி கட்டியவர் இல்லை, எந்த மடமும் அவருக்குப் பட்டம் சூட்டவில்லை. ஆனாலும் மனசு ஒரு நிலையில் நிற்காதவர்கள் அவரைத் தேடி மலையேறி வந்தார்கள். வந்தவர்களுக்கு உபதேசம் கிடைப்பது அபூர்வம். வீட்டுக்குப் பின்னாலிருந்த காய்கறித் தோட்டத்தில் ஆளுக்கொரு பாத்தி மட்டும் தவறாமல் கிடைக்கும்.

பொன்னுரங்கம் அங்கே வந்தபோது அவருக்கு அறுபத்திரண்டு முடிந்திருந்தது. தன்னைவிடப் பதினேழு வயது இளைய ஒரு பெண்பிள்ளைக்கு அப்படி என்ன தெரிந்துவிடும் என்பதுதான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவருக்கு வந்த முதல் சந்தேகம். கழற்றிய செருப்பு பத்திரமாக இருக்குமா என்பது இரண்டாவது.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. முப்பத்தெட்டு வருஷம் மலையடிவாரத்துச் செக்போஸ்டில் வேலை பார்த்தவர். லாரியில் ஏறி, மூட்டைக்குள் கம்பியைக் குத்தி எடுத்து, முனையை மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை விடுவார். ஓய்வு பெற்ற அன்று கம்பியை ஒப்படைத்துவிட்டு மாலையோடு வீட்டுக்கு வந்தார். குத்திப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் யாரிடம் ஒப்படைப்பது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

அம்மாளிடம் தன் கதையை அவர் வாக்குமூலம் போலவே சொன்னார்.

கோபியில் அவரும் மனைவி மயிலாத்தாளும் மட்டும்தான். ஒரு நாள் காலையில், பத்து மணிக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போனார். பால் ஊற்றுகிற ஆள் கேனுக்குள் கையை விடுகிறானா என்று பால் சொசைட்டி வாசலில் நின்று கவனித்ததில் பன்னிரண்டேகால் ஆகிவிட்டது. வந்து பார்த்தால் அடுப்படித் தொட்டியில் இரண்டு டம்ளர் கிடந்தன. வீட்டிலிருந்தது ஒரே ஆள். ஒரு டம்ளரின் அடியில் சர்க்கரை ஒட்டியிருந்தது. அது மயிலாத்தாளுடையது, அவளுக்கு இனிப்பு தூக்கலாக வேண்டும். இன்னொன்றை எடுத்து மோந்தார். காபி. விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். சர்க்கரை இல்லை.

ஆக, யாரோ வந்திருக்கிறார்கள், வந்தது சர்க்கரை போடாமல் குடிக்கிற ஆள் என்று அவர் முடிவு கட்டினார்.

மனைவியிடம் கேட்கவில்லை. சம்பந்தப்பட்டவரிடம் முதலில் கேட்டால் உஷாராகிவிடுவார்கள் என்பது செக்போஸ்டுப் பாடம். பக்கத்து வீட்டில் கேட்டார். இஸ்திரி வண்டிக்காரரிடம் கேட்டார். முக்கு டீக்கடையில், இந்தத் தெருவில் சர்க்கரை இல்லாமல் காபி குடிப்பது யார் யார் என்று விசாரித்தார். சாயங்காலத்துக்குள் அது மயிலாத்தாள் காதுக்கு வந்துவிட்டது. அதற்கப்புறம்தான் வீட்டுக்குள் வந்து, யார் வந்தது என்று அவளிடம் கேட்டார்.

யாரும் வரவில்லை என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் பல்லடத்து மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். எட்டு மாசம் ஆகிறது.

"இப்ப மக போன் பண்றாளுங்க. அம்மா வர்றேங்கறாங்கப்பா, ஆனா அந்தக் கேள்விய இனி எந்தக் காலத்துலயும் கேக்கமாட்டேன்னு நீங்க சத்தியம் பண்ணோணுங்கறா. சத்தியம் பண்ணிருவேனுங்க. ஆனா அவ பைய இறக்கி வெக்கறதுக்குள்ள கேட்டுப்போடுவேன். என்னய எனக்குத் தெரியும். இன்னொருக்கா போனான்னா வரமாட்டாளுங்க."

மனுஷன் மனைவி இல்லாமல் எட்டு மாசமாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

"அந்தக் கேள்விய எப்படிங்கம்மா பிடுங்கி எறியறது?"

செங்கமலம் அம்மாள் உள்ளே போய்ச் சின்னக் காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்து வந்தார்.

"பீட்ரூட் விதைங்க. பாத்தி கட்டிப் போடுங்க. மொளைக்கட்டும், அப்புறம் பேசலாம்."

பொன்னுரங்கம் பொட்டலத்தைப் பிரித்தார். கரடுமுரடாக, பாதி மென்று துப்பிய மிளகு மாதிரி இருந்தது. இது விதைதானா என்று சந்தேகம் வந்தது. ஆனாலும் எண்ணினார். முப்பத்தாறு.

*

அவருக்குத் தங்க இடம் கொடுத்த அறையில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். பெயர் ஆறுச்சாமி. கல்யாண மண்டபங்களில் இருபது வருஷம் பந்தி பரிமாறிவிட்டு, ஏதோ துக்கத்தில் மலையேறி வந்தவர். அடுப்படியைத் தானாகவே எடுத்துக்கொண்டிருந்தார். இடது கால் சுண்டுவிரல் ஒடிந்து மேல்நோக்கி நிற்கும். எதைச் சொன்னாலும் சிரிப்பார். சிரிக்கிற ஆளைப் பொன்னுரங்கத்துக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. சிரித்துக்கொண்டு வருகிற லாரி டிரைவரைத்தான் அவர் முதலில் இறங்கச் சொல்வார்.

முதல் நாளே ஆறுச்சாமி அவரிடம், காபிக்குச் சர்க்கரை போடலாமா என்று கேட்டார். வேண்டாம், பத்து வருஷமாகச் சுகர் என்றார் பொன்னுரங்கம். சொன்ன பிறகு, என் வியாதியை இவன் எதற்குத் தெரிந்துகொள்கிறான் என்று யோசித்தபடி படுத்திருந்தார்.

மறுநாள் விதையைத் தண்ணீரில் ஊறப் போட்டு, அதற்கடுத்த நாள் பாத்தியில் ஊன்றினார். நாலு விரற்கடைக்கு ஒரு குழி, குழிக்கு ஒரு விதை. ஒவ்வொரு குழிக்குப் பக்கத்திலும் ஒரு தீக்குச்சி நட்டார். முப்பத்தாறு தீக்குச்சி. காலையும் மாலையும் பூவாளியில் தண்ணீர் தெளித்தார். ஒரு வாரம் மண் சும்மா கிடந்தது. ஒன்பதாம் நாள் காலையில் சிவப்புத் தண்டோடு முளை தலை நீட்டியிருந்தது.

பொன்னுரங்கத்துக்குச் சந்தோஷம் வந்தது நிஜம். குனிந்து எண்ணத் தொடங்கினார். எண்ணி முடித்ததும் சந்தோஷம் போய்விட்டது. மறுபடி எண்ணினார். மூன்றாம் தரம் கையால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

எண்பத்தொன்று.

இரண்டு தீக்குச்சிக்குப் பக்கத்தில் எதுவுமே முளைக்கவில்லை. மற்றவற்றில் இரண்டு இரண்டாக, சிலதில் மூன்றாக நின்றது. போட்டது முப்பத்தாறு. அத்தனையும் முளைத்தால்கூட முப்பத்தாறுதான். அதிகப்படி நாற்பத்தைந்து எங்கிருந்து வந்தது?

யாரோ போட்டிருக்கிறார்கள்.

அவருக்கு உடம்பெல்லாம் பழைய சுறுசுறுப்பு ஏறியது. எட்டு மாசத்தில் அன்றைக்குத்தான் அவர் நிமிர்ந்து நடந்தார் என்று சொல்ல வேண்டும். யாரிடமும் மூச்சு விடவில்லை. விதை ஊறின இடம் அடுப்படி. அடுப்படி யார் கையில்? ஆறுச்சாமி கையில். அவன் எதற்காகச் செய்ய வேண்டும்? கிழவனைக் கேலி செய்து சிரிக்கத்தான். இல்லாவிட்டால் அம்மாளே சொல்லிச் செய்திருப்பாள், இவன் கண்டுபிடிக்கிறானா பார்ப்போம் என்று. சோதனை என்றால் அதில் ஜெயித்துக் காட்ட அவர் தயார்.

மறுநாள் காலை அடுப்புச் சாம்பலை அள்ளி வந்து, பாத்தியைச் சுற்றிக் காலடி அகலத்துக்குச் சலித்துத் தூவினார். பிறகு வளைவிலிருந்த கடைக்கு நடந்தார். ஆறுச்சாமி இங்கே பீட்ரூட் விதை வாங்கினாரா என்று கடைக்காரரிடம் விசாரித்தார். பீட்ரூட் விதை நாங்கள் விற்பதே இல்லை என்றார் கடைக்காரர். அப்படியானால் வேறு கடையில் வாங்கியிருக்கிறான் என்று பொன்னுரங்கம் குறித்துக்கொண்டார்.

திரும்பி வந்தபோது சாம்பலில் தடயம் இருந்தது. அடுப்படிப் பக்கத்திலிருந்து வந்து, பாத்தி ஓரத்தில் நின்று, திரும்பிப் போன காலடி. இடது காலில் சுண்டுவிரல் பதியவே இல்லை. பாத்தியை ஒட்டிச் சாம்பலில் வட்டமாக ஓர் அச்சு இருந்தது. ஏதோ ஒரு சின்ன டப்பாவை வைத்து எடுத்த அடையாளம்.

விதை டப்பா. வேறென்ன?

*

மறுநாள் காலை செங்கமலம் அம்மாள் அவரை முழுக்கச் சொல்ல விட்டார். நடுவில் ஒரே ஒரு முறைதான், ஆறுச்சாமியைக் கூப்பிடுவதற்காக, நிறுத்தினார். அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது: ஒருவரைப் பற்றிப் புகார் சொல்வதானால் அவரை எதிரில் உட்கார வைத்துத்தான் சொல்ல வேண்டும். ஆறுச்சாமி கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

பொன்னுரங்கத்துக்கு அது வசதியாகவே போயிற்று.

"என் பாத்திக்கு வந்தீங்களா இல்லீங்களா?"

"வந்தேனுங்கண்ணா."

"எதையோ அங்க கொண்டாந்து வெச்சீங்க."

"ஆமாங்கண்ணா, வெச்சேன். உங்களக் காணோமுன்னு..."

"போதும்." அவர் அம்மாள் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஒத்துக்கிட்டாருங்க. எழுதிக்கலாம்."

ஆறுச்சாமி சிரிக்கவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். அவர் சிரிக்காமல் போனது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை.

அம்மாள் அடுப்படிப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு சொன்னார்:

"சரிங்க. அவரு போட்டதப் பிடுங்கிப்போடுங்க. நீங்க போட்டத மட்டும் விட்டுருங்க."

"எது யாரு போட்டதுன்னு எப்படிங்கம்மா கண்டுபிடிக்கறது? எல்லாம் ஒரே மாதிரி நிக்குதுங்களே."

"முப்பத்தெட்டு வருசம் பாத்த கண்ணு. மண்ண நல்லா நனைச்சுட்டு, வேர் அறாம எடுத்துப் பாருங்க. தெரியும்."

இதிலும் ஏதோ சூது இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேதான் அவர் பாத்திக்குப் போனார்.

தண்ணீர் ஊற்றி மண் இளகும்வரை காத்திருந்தார். முதல் தீக்குச்சிக்குப் பக்கத்தில் இரண்டு முளை. இடது பக்கத்து முளை கொஞ்சம் மெலிவாக இருந்ததால் அதுதான் கள்ள முளை என்று தீர்மானித்து, ஆள்காட்டி விரலால் மண்ணைத் தளர்த்தி மெல்ல இழுத்தார். கூடவே மற்றதும் வந்தது. வேர் பின்னிக்கொண்டதோ என்று பிரிக்கப் பார்த்தார். பிரியவில்லை. பூவாளித் தண்ணீரில் அலசினார்.

மண் கரைந்ததும் அந்தக் கரடுமுரடான விதைக் கூடு தெரிந்தது. அவர் கையால் ஊன்றிய அதே மென்று துப்பிய மிளகு. இரண்டு முளையும் அந்த ஒரே கூட்டிலிருந்துதான் புறப்பட்டிருந்தன. ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம்.

அடுத்ததைப் பிடுங்கினார். அதுவும் அப்படித்தான். மூன்று நின்ற இடத்தில் பிடுங்கினார். ஒரு கூடு, மூன்று முளை.

பத்துப் பன்னிரண்டு பிடுங்கிய பிறகு அவர் கை நின்றுவிட்டது. யாரும் வரவில்லை. யாரும் எதையும் போடவில்லை. எண்பத்தொன்றும் அவர் போட்டதுதான். பொட்டலத்தைப் பிரித்தபோது ஒரே ஒரு விதையை நசுக்கிப் பார்த்திருந்தால், அல்லது இது எத்தனை முளைக்கும் என்று யாரிடமாவது கேட்டிருந்தால், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். எண்ணத்தான் தோன்றியதே ஒழிய கேட்கத் தோன்றவில்லை.

வெயில் ஏறும்வரை அங்கேயே குந்தியிருந்தார். அவமானமாக இருந்தது. ஆனால் அவமானத்துக்கு அடியில் இன்னும் ஒரு முள் நின்றுகொண்டிருந்தது. முளை சரி, காலடியும் வட்ட அச்சும் பொய்யில்லையே. விதை டப்பா இல்லையென்றால், ஆறுச்சாமி எதைத்தான் கொண்டுவந்து வைத்தான்? பொன்னுரங்கத்தைத் திருத்துவது அவ்வளவு சுலபமில்லை.

பிடுங்கிய முளைகளைத் துண்டில் ஏந்திக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

ஆறுச்சாமி தொட்டிக்கு முன்னால் நின்று பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். மேடையில் இரண்டு டம்ளர் இருந்தன. ஒன்று காலி. இன்னொன்றின் மேல் ஒரு தட்டு மூடியிருந்தது. ஆறுச்சாமி தட்டை எடுத்து, உள்ளே ஆடை கட்டிக் கிடந்த காபியைத் தொட்டியில் ஊற்றினார். பிறகு இரண்டு டம்ளரையும் தொட்டிக்குள் போட்டார்.

பொன்னுரங்கம் கதவருகிலேயே நின்றார்.

"அது யாருதுங்க?"

"உங்களுதுதானுங்கண்ணா. ஆறிப்போச்சு." ஆறுச்சாமி திரும்பாமலே சொன்னார். "நேத்தும் ஆறுச்சு. பாத்திக்கே கொண்டாந்து ஓரமா வெச்சேன். உங்களக் காணோம். செத்த நேரம் நின்னு பாத்துட்டு எடுத்துட்டு வந்துட்டேன். அதத்தான் சொல்ல வந்தேனுங்க, நீங்க போதும்னுட்டீங்க."

பொன்னுரங்கம் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். இரண்டு டம்ளர். ஒன்றின் அடியில் சர்க்கரை ஒட்டியிருந்தது. அவர் மற்றதை எடுத்தார். பழக்கம் விடவில்லை, அடியை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

சர்க்கரை இல்லை.

"இதுல சர்க்கர போடலீங்களா?" என்று கேட்டார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

ஆறுச்சாமி இப்போதுதான் திரும்பினார். கேள்வியே அவருக்கு விளங்கவில்லை.

"உங்களுக்கு எப்படிங்கண்ணா போடறது? சுகருன்னு சொன்னீங்களே."

துண்டிலிருந்த முளைகள் தரையில் விழுந்தன. பொன்னுரங்கம் டம்ளரைக் கையில் பிடித்தபடி சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். ஆறுச்சாமி பதறிப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். பொன்னுரங்கம் அதைக் குடிக்காமல், தப்பு பண்ணிட்டேன் தம்பி என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கீரைக்கு ஆச்சு விடுங்க என்று சொல்லிவிட்டு ஆறுச்சாமி முளைகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

செங்கமலம் அம்மாள் எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. பொன்னுரங்கம் அவரைப் பார்க்காமல் டம்ளரையே பார்த்துப் பேசினார்.

"அந்தத் தெருவுல சர்க்கர இல்லாம குடிக்கறது யாரு யாருன்னு ஒவ்வொருத்தர் பேரா எழுதி வெச்சிருந்தேனுங்கம்மா. ஏழு பேரு. எம்பேரு மட்டும் அதுல இல்லீங்க."

பொன்னுரங்கம் டம்ளரைக் கையில் ஒரு தரம் திருப்பினார்.

"பத்து மணிக்கு வந்தர்றேன்னு சொல்லிட்டுத்தான் போனேன். ஊத்தி வெச்சிருக்கா. ஆறுனதும் கொட்டிட்டா." அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "எட்டு மாசமுங்க. ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்குமே. யாரு வந்ததுன்னு கேட்டேன். யாரும் வரலன்னா. அதோட நிறுத்திக்கிட்டா. ஏனுங்கம்மா அவ சொல்லல?"

செங்கமலம் அம்மாள் குனிந்து அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கினார். அதைக் கழுவி மேடைமேல் கவிழ்த்து வைத்தார்.

"நீங்க கேட்டது யாரு வந்தாங்கன்னுதானுங்களே," என்றார். "அது வராதவருக்கு ஊத்தி வெச்சதுங்க."